ஏழாம் எண் தாழி

சினிமாவில் மியூசியம் வந்தாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். எந்தப் படமானாலும் அதே கண்றாவிதான். கூரையிலிருந்து ஒட்டடை தொங்கும். சிலை கண்ணைத் திறக்கும். சிவப்பு வெளிச்சம் கோடு கோடாக ஓடும், திருடன் அதற்குள் வளைந்து நெளிந்து போவான். மூலையில் ஒரு வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டு தூங்குவான். தியேட்டரே சிரிக்கும். நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்த வாட்ச்மேன் நான்தானே!

என் பேர் எத்திராஜ். வீடு கோவில்பதாகையில். அயனம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் ஓர் அறக்கட்டளை நடத்துகிற சின்ன மியூசியத்தில் பத்தொன்பது வருஷமாகக் காவலாளி. மொத்தம் நாற்பத்திரண்டு பொருள். தினமும் சாயங்காலம் பூட்டுவதற்கு முன் ஒவ்வொன்றின் எதிரிலும் நின்று பார்த்து, அதன் நிலைமையை நோட்டில் எழுத வேண்டும். ஒன்றாம் எண் கற்கோடரி, நலம். ஏழாம் எண், ஏரிப் பக்கம் அஸ்திவாரம் தோண்டியபோது கிடைத்த தாழி. அந்தக் காலத்தில் செத்தவர்களை வைத்துப் புதைத்த மண்பானை. விளிம்பில் விரல் நீள விரிசல், மற்றபடி நலம். பத்தொன்பது வருஷமும் அதே வரி. டூட்டியில் நான் ஒரு நிமிஷம் கண்ணயர்ந்ததில்லை. இதைத் திமிராகவே சொல்வேன்.

போன மாசம் சரண் என்று ஒரு டைரக்டர் வந்தான். விடுமுறை நாளில் ஒரே ஒரு நாள் ஷூட்டிங் என்று அறக்கட்டளைச் செயலாளர் பக்தவத்சலத்திடம் பேசி அனுமதி வாங்கிவிட்டான். செயலாளருக்கு சினிமாக்காரர்கள் என்றால் உயிர்.

உள்ளே வந்ததும் சரண் மூக்கைச் சுளித்தான். "இன்னா சார், பள்ளிக்கூடம் மாதிரி கீது? மியூசியம் லுக்கே இல்ல."

முந்தின நாள்தான் நான் ஒட்டடை அடித்திருந்தேன். அவர்கள் ஒரு மெஷினைக் கொண்டுவந்து ரப்பர் பசையைப் பீய்ச்சி, மூலைக்கு மூலை புது ஒட்டடை கட்டினார்கள். தூ! பட்டப்பகலில் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிப் புகை போட்டார்கள். கற்கோடரிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் மண்டை ஓட்டை வைத்தார்கள்.

காட்சி இதுதான். ஓடுகிற திருடன் தாழியை உதைத்து உடைப்பான், உள்ளேயிருந்து பேய் வரும். அதற்காக செட் வேலை பார்க்கிற பிரசன்னா பிளாஸ்டரில் ஒரு போலித் தாழி செய்து வந்திருந்தான். அவனும் நானுமாக அசலை அலுங்காமல் தூக்கிப் பின்னறையில் வைத்துப் பூட்டினோம்.

பிறகு சரண் என்னைப் பார்த்தான். "அண்ணாத்தே, நீங்களே வாட்ச்மேனா நடிச்சிடுங்க. ஸ்டூல்ல உக்காந்துகினு வாயத் தொறந்து தூங்கணும், அவ்ளோதான்."

"எந்த மியூசியத்துல நைனா வாட்ச்மேன் தூங்குறான்? நீ பாத்தியா?"

"தூங்கலன்னா திருடன் எப்டிண்ணா உள்ள வருவான்?"

"எத்திராஜ், முரண்டு புடிக்காத," என்று அதட்டினார் பக்தவத்சலம். சோறு போடுகிற வேலை. உட்கார்ந்தேன்.

அடுத்த அசிங்கம் சாவி. என்னிடம் இருப்பது இரண்டே சின்னச் சாவி, ஒன்று வாசலுக்கு, ஒன்று பின்னறைக்கு. மியூசியம் என்றால் பெரிய வளையத்தில் சாவிக்கொத்து தொங்க வேண்டுமாம். சாண் நீளத் தகரச் சாவிகளைச் சரண் என் இடுப்பில் மாட்டினான். என் சாவியை மேஜைமேல் வைக்கச் சொன்னான். வைத்துத் தொலைத்தேன், மடையன்.

கடைவாயில் எச்சில் மாதிரி ஏதோ ஒரு பிசினைத் தடவினார்கள். உடம்பெல்லாம் கூசியது.

"கட் சொல்ற வரிக்கும் கண்ணத் தொறக்கக்கூடாது அண்ணாத்தே!"

மூடினேன். புகை நெடி. ஓடுகிற காலடி. பிறகு ஒரு சத்தம்.

பிளாஸ்டர் உடைந்தால் அப்படிக் கேட்காது. சுட்ட மண் உடைகிற சத்தம் அது. கண்ணைத் திறந்தேன். தரையில் கிடந்த ஒரு சில்லில், வெள்ளைப் பூச்சின்மேல் கறுப்பு மையில் ஏழு என்று மியூசியம் எண் இருந்தது.

"கட்! சவுண்டு பட்டையக் கெளப்புது மாமே!" என்று குதித்தான் சரண்.

பிரசன்னா தலையைச் சொறிந்தான். போலித் தாழி கேமராவில் பளபளத்ததாம். எனக்குப் பிசின் தடவிக்கொண்டிருந்தபோது, மேஜைமேல் இருந்த சாவியை எடுத்துப் பின்னறையைத் திறந்திருக்கிறார்கள். "ஒரு ஷாட்டுக்கு அசல வச்சிட்டு, ஒதைக்கிறப்ப மாத்திக்கலாம்னு பாத்தோம்ணா. பொகையில மறந்துட்டோம்."

"டேய், அது ஒரு மனுசன பொதச்ச பானைடா! இத்தினி காலம் மண்ணுக்குள்ள உடையாம கெடந்துது. உன் பேய்க்கு அதான் கெடச்சிதா?" என்று கத்தினேன். பெற்ற பிள்ளை விழுந்த மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் அறக்கட்டளைக் கூட்டம். சாவி கைமாறியதை, அசலை எடுத்ததை, எல்லாம் சொன்னேன். அனுமதி கொடுத்த பக்தவத்சலம் காதே கொடுக்கவில்லை. லேப்டாப்பில் அந்தக் காட்சியைப் போட்டார். ஸ்டூலில் நான். வாய் பிளந்திருக்கிறது, எச்சில் ஒழுகுகிறது. பக்கத்தில் தாழி உடைகிறது. உறுப்பினர் நாகவல்லி அம்மா சிரிப்பை அடக்கமாட்டாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சார், அது நடிப்பு!"

"நடிப்போ நெசமோ, பொருள் உடையறப்ப நீ கண்ண மூடிக்கினு இருந்தியா இல்லியா?" என்றார் பக்தவத்சலம்.

மூடிக்கொண்டுதானே இருந்தேன்.

அன்றோடு வேலை போயிற்று. சாவியை வாங்கிக்கொள்ளுமுன் கடைசியாக ஒருமுறை நோட்டை எழுதச் சொன்னார்கள். "காவலாளி தூங்கினதால உடைஞ்சிதுன்னு போடு," என்று பக்தவத்சலம் தலைக்குமேல் நின்றார்.

நான் அவசரப்படவில்லை. ஒன்றிலிருந்து ஆறு வரை ஒவ்வொன்றின் எதிரிலும் நின்று பார்த்து, நலம் என்று எழுதினேன். ஏழுக்கு இடம் விட்டேன். எட்டிலிருந்து நாற்பத்திரண்டு வரை நலம். சினிமாக்காரர்கள் விட்டுப்போன ரப்பர் ஒட்டடை கூரையில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு அந்த வெற்று மேடைக்கு எதிரில் வந்து நின்று எழுதினேன்.

"ஏழாம் எண் தாழி. உடைந்தது. காவலாளி தூங்கவில்லை. தூங்கச் சொன்னார்கள்."