ஒரு கண் போதும்

பேசின் பிரிட்ஜில் இறங்கி கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறிய பீட்டர், மடியில் குறுக்காக வைத்திருந்த நீளப் பெட்டியை வீடு வந்து சேரும்வரை கீழே வைக்கவில்லை. எதிரில் காலி மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள், "இன்னாபா அது, டியூப்லைட்டா?" என்று கேட்டாள். "டெலஸ்கோப்பு. நட்சத்திரம் பாக்கறது" என்றான். அவள் அவனுடைய இடது கண் இருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூன்று வருஷமாக ஊரே அப்படித்தான் திரும்பிக்கொள்கிறது. அவளை மட்டும் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது. வேப்பம்பட்டில் டெலஸ்கோப்பை அவனுக்கு விற்ற அடுக்குமாடி வீட்டுக்காரர், பையன் ஆசைப்பட்டு வாங்கி நாலே நாளில் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான் என்று சொல்லி, எப்படிப் பார்ப்பது என்று விளக்க ஆரம்பித்தார். "ஒரு கண்ணை மூடிக்கணும்" என்றவர், அதற்குமேல் போகத் தெரியாமல் விழித்தார். "ஒண்ணு போதும் சார், மூடற வேலை மிச்சம்" என்று பீட்டர்தான் அவரைக் கரையேற்றினான்.

முதல் நாள் சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால், துவைக்கிற கல்லுக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவில் முக்காலியை விரித்து நிறுத்தினான். நிலா இருந்தது, குழாய் இருந்தது, இரண்டையும் சேர்த்துவைக்கத்தான் வழியில்லை. பெட்டியில் இரண்டு கண்வில்லைகள் இருந்தன, ஒன்றில் நாலு என்றும் மற்றதில் இருபது என்றும் போட்டிருந்தது. சின்ன நம்பர்தானே, சின்னதிலிருந்து ஆரம்பிப்போம் என்று நாலைப் போட்டது தப்பு. அதுதான் அதிகம் பெரிதாக்கிக் காட்டுவது, அதில் நிலாவைப் பிடிப்பது கொசுவை ஊசியால் குத்துவது மாதிரி. மறுநாள் பகலில் தூரத்துச் செல்போன் டவரை வைத்து, பெரிய குழாயின் முதுகில் இருந்த சின்னக் குறிகாட்டிக் குழாயைச் சரிசெய்தான். அன்று பொழுது சாய்ந்ததும் இருபதைப் போட்டபோது நிலா முழுசாக வந்து நின்றது, அம்மைத்தழும்பும் மேடும் பள்ளமுமாக. அவன் மனைவி ஏஞ்சலின் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். "இம்மாம் கிட்டவா இருக்குது" என்றாள். பிறகு வியாழனையும் அதன் பக்கத்தில் வரிசையாக நிற்கும் நாலு புள்ளிகளையும் கண்டுபிடித்தான். ராத்திரியில் கிழக்கே ஆலைப்புகை வானத்தை மூடியிருந்ததால் மேற்குப் பாதிதான் அவனுக்குக் கிடைத்தது. அது போதும் என்றிருந்தது. அந்த முதல் மூன்று வாரமும் பீட்டர் நன்றாகத் தூங்கினான்.

கெடுத்தது குழாயின் மேல் ஒட்டியிருந்த சிவப்புத் தாள்தான். சூரியனை இதன் வழியே பார்க்காதே, நொடியில் பார்வை போகும் என்று கொட்டை எழுத்தில் எச்சரிக்கை. முதலில் அதைப் படித்தபோது ஒன்றும் தோன்றவில்லை. இரண்டாவது தடவை படித்தபோது வசந்தகுமாரின் முகம் தோன்றியது.

வசந்தகுமார், பீட்டர் வேலை பார்க்கிற இரும்பு உருக்கும் ஆலையில் ஷிப்ட் இன்சார்ஜ். பர்னஸில் ஈர ஸ்கிராப் விழுந்து வெடித்து, உருகிய இரும்பு பீட்டரின் முகத்தில் தெறித்த அன்று அவர்தான் ஷிப்டில் இருந்தார். பீட்டரின் பாதுகாப்புக் கண்ணாடி முந்தின நாளே விரிசல் விட்டிருந்தது. காலையில் போய் வேறு கேட்டதற்கு, "ஸ்டோர்ல இல்ல, இந்த ஒரு ஹீட்ட மட்டும் உருக்கி எறக்கிடு, மத்தியானம் வரும்" என்று சொன்னவரும் அவர்தான். சாயங்காலம் அவர் கையெழுத்தில் போன ரிப்போர்ட்டில், கண்ணாடி கொடுக்கப்பட்டது, தொழிலாளி அணியவில்லை என்று இருந்தது. இரண்டே வரி. ஆலை தப்பித்தது, ஸ்டோர் தப்பித்தது, வசந்தகுமார் தப்பித்தார். பிறகு அவரே முதலாளியிடம் பேசி பீட்டருக்கு கேட்டில் உட்காரும் வேலை வாங்கிக்கொடுத்தார். ஊரெல்லாம் அவரை நல்ல மனுஷன் என்றது.

அதைக்கூட பீட்டர் தாங்கிக்கொண்டிருப்பான். ஏஞ்சலினே நம்பவில்லை என்பதுதான் ஆறவில்லை. "நீதான் வேர்க்குதுன்னு கழட்டி தொப்பி மேல வச்சிக்குவியே, நானே எத்தினி தபா பாத்துகீறேன்" என்று ஆஸ்பத்திரியில் வைத்தே சொல்லிவிட்டாள். பிறகு எத்தனை தடவை சொன்னாலும், "சரி விடு, போனது போச்சு" என்பாள். அந்த 'விடு'வைக் கேட்கும்போதெல்லாம் அவனுக்கு எதையாவது போட்டு உடைக்கவேண்டும் போலிருக்கும். கோயிலில் பாதிரியார் மன்னிப்பைப் பற்றிப் பேசுகிற ஞாயிறுகளில் அவன் மின்விசிறியை எண்ணிக்கொண்டிருப்பான்.

சூரியனைப் பார்ப்பதற்கென்றே வருகிற வெள்ளிநிறத் தாளை ஆன்லைனில் வரவழைத்தான். ஏஞ்சலினே அட்டையை வளையமாக வெட்டி, தாளை நடுவில் வைத்து ஒட்டிக்கொடுத்தாள். குழாயின் முன்வாயில் அந்த பில்டரை மாட்டினால் சூரியன் சாதுவாக வந்து உட்காரும், ஆரஞ்சு வட்டத்தில் ஐந்தாறு கரும்புள்ளிகளோடு. அதை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அவன் ஒரு காய்ந்த இலையைக் கண்வில்லைக்கு மேலே பிடித்துச் சோதித்துக்கொண்டான். இலை புகைந்தது. பிறகு ஒரு மாதம் பொறுமையாகத் தூண்டில் போட்டான். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கேட்டில் வசந்தகுமாரின் வண்டி நிற்கும்போதெல்லாம், "சார், சூரியன்ல மச்சம் இருக்குது சார், நீங்க மட்டும்தான் இன்னும் பாக்கல" என்றான். நாலாவது வாரம், "வரேன் பீட்டரு, ஞாயித்துக்கெழம வரேன்" என்றார்.

வந்தார். கையில் ஆப்பிள் பை. முருங்கை நிழலில் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள், அதில் நாலு பேர் ஆலைக்காரர்கள். அவர்கள் வழிவிட்டு அவரை முதலில் அனுப்பினார்கள். ஏஞ்சலின் பையை வாங்கிக்கொண்டு, "நாஷ்டா துன்னுட்டுத்தான் போவணும் சார்" என்றாள். பீட்டர் துடைக்கிற சாக்கில் பில்டரைக் கழற்றி இடது கையில் வைத்துக்கொண்டான். குழாயின் நிழல் தரையில் சின்ன வட்டமாகச் சுருங்கும்வரை திருகைத் திருப்பினான். அப்படிச் சுருங்கினால் சூரியன் நேராக உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். குழாயின் பின்முனை முழங்கைபோல மடங்கி கண்வில்லை மேல்நோக்கி இருந்ததால் வெளியே வருகிற வெளிச்சம் யார் கண்ணிலும் படவில்லை. அவனுடைய நெஞ்சு நிதானமாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. அதில் அவனுக்கே கொஞ்சம் பெருமை.

"எந்தக் கண்ண மூடணும்?" என்றார் வசந்தகுமார்.

"உங்க இஷ்டம் சார்."

அவர் குனிந்தார். குனியும்போதே அவருடைய வலது புறங்கை கண்வில்லைக்கு மேலே போய் நின்றது. பர்னஸ் வாயில் பத்து வருஷம் நின்றவன் எவனும் முகத்தை முதலில் கொண்டுபோவதில்லை. சூடு எவ்வளவு என்று புறங்கை சொன்ன பிறகுதான் முகம். வீட்டில் குழம்புச் சட்டியை எட்டிப்பார்க்கும்போதுகூட பீட்டருக்கும் அப்படித்தான் கை போகும். வசந்தகுமார் இன்சார்ஜ் ஆவதற்கு முன் இரும்பு உருக்கும் மெல்டராக இருந்தவர். எல்லாவற்றையும் யோசித்தவன் இதை யோசிக்காமல் விட்டுவிட்டான்.

புறங்கையில் அரிசி அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்தது. வசந்தகுமார் சத்தம் போடவில்லை. கையை இழுத்து, பொசுங்கின இடத்தைப் பார்த்தார், பிறகு குழாயின் வாயைப் பார்த்தார், பிறகு பீட்டரின் இடது கையைப் பார்த்தார்.

"பில்டர் போடலியா?" என்றார், வரிசைக்குக் கேட்காதபடி மெதுவாக.

"போடலன்னு எழுதிக்கோ. எழுதறது உனக்குப் புதுசா?" என்றான் பீட்டர், அதே தணிந்த குரலில்.

பதினைந்து வருஷத்தில் அவரை அவன் 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் வாய்க்குள் இனித்தது.

"அன்னிக்கு ஸ்டோர்ல கண்ணாடி இல்ல பீட்டரு. எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும். அவளுக்குத்தான் தெரியாது." பீட்டர் முகவாயால் ஏஞ்சலினைக் காட்டினான். "போய் அவகிட்ட சொல்லு, எல்லாரும் கேக்கற மாதிரி. இல்லன்னா குனிஞ்சு பாரு. ரெண்டுல ஒண்ணு."

வசந்தகுமார் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். ஆலைக்காரர்கள் நாலு பேரும் அவரையே பார்த்துச் சிரித்தபடி நின்றார்கள். இங்கே ஒரு வார்த்தை சொன்னால் நாளைக் காலை ஷிப்டுக்குள் அது முதலாளி மேசைக்குப் போய்விடும், அடுத்த நாள் அவர் வேறு வேலை தேடவேண்டும். பார்க்காமல் நழுவினாலும் ஏன் என்று கேட்பார்கள். அந்தக் கணக்கு அவருடைய முகத்தில் ஓடுவதை பீட்டர் வரிவரியாகப் படித்தான். படிக்கப் படிக்க சந்தோஷமாக இருந்தது. பக்கத்து வீட்டு கெங்கம்மாள், "சீக்கிரம் பாருங்க சார், வெயிலு மண்டையப் பொளக்குது" என்றாள்.

வசந்தகுமார் இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, வலது கண்ணைக் கண்வில்லையில் வைத்தார்.

பீட்டரின் உள்ளங்கை குழாயின் வாயை மூடியிருந்தது. எப்போது போனது என்று அவனுக்கே தெரியவில்லை. அந்தக் கையை வெட்டி எறியலாம் போல ஆத்திரம் வந்தது. மூன்று வருஷமாகக் கேட்டது தலை குனிந்து முன்னால் நிற்கிறது, இந்தக் கை இப்போது எதற்குக் குறுக்கே வருகிறது. எடு என்று சொல்லிப் பார்த்தான். எடுக்கவில்லை.

"இன்னா சார் தெரியுது?" என்று வரிசையிலிருந்து யாரோ கேட்டார்கள்.

"இருட்டா இருக்குது" என்றார் வசந்தகுமார், தலையைத் தூக்காமலே.

அவர்கள் சிரித்தார்கள். ஏஞ்சலின் சிரிக்கவில்லை. ஆப்பிள் பையோடு நிழலைவிட்டு நாலடி முன்னால் வந்து, தான் ஒட்டிக்கொடுத்த அட்டை வளையம் புருஷனின் இடது கையில் இருப்பதைப் பார்த்தாள். "யோவ், இது ஏன்யா உன் கையில கீது?" என்றாள். வசந்தகுமாரின் கழுத்து வியர்த்துக்கொண்டிருந்தது. அவர் உண்மையைச் சொல்லவும் இல்லை, நிமிரவும் இல்லை.

சூரியன் ஓர் இடத்தில் நிற்பதில்லை. இரண்டு நிமிஷம் விட்டால் தானாக நகர்ந்து குழாயைவிட்டுப் போய்விடும். தரையில் வட்டமாக இருந்த நிழல் ஒரு பக்கமாக நீளத் தொடங்கியது. பீட்டர் பில்டரைச் சட்டைக்குள் செருகினான். வலது கையைக் குழாயின் வாயிலிருந்து எடுக்காமலே, காலியான இடது கையால் திருகைப் பிடித்து, நிழல் மறுபடியும் வட்டமாகச் சுருங்கும்வரை மெல்ல மெல்லத் திருப்பினான்.