வடக்கு மூலைத் தண்ணீர்

திருப்பருத்திக்குன்றத்தைத் தாண்டியிருந்த அந்தச் சிற்றூரில், நிலத்தடி நீரை ஆராய வந்த சுகாசினிக்கு ஒருவரும் இடம் கொடுக்கவில்லை. தண்ணீர் கெட்டுப்போனது வெளியே தெரிந்தால் மனை விற்காது என்ற பயம். மதனவதி மட்டும் தன் நிலத்தில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளச் சொல்லிவிட்டாள். அவள் கணவர் குந்துநாதனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டிருந்தன. ரத்தத்தைச் சுத்தம் செய்ய ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தார். எதனால் இப்படி ஆனது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

அவளுடைய சந்தேகமெல்லாம் வீட்டுக் கிணற்றின் மேல்தான். பக்கத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறை நடந்த காலத்தில், ஒரு மழையில் கழிவுக்குழி நிரம்பி, கிணற்றுத் தண்ணீர் செம்பருத்தி நிறத்துக்கு மாறியது. அன்றோடு அவள் கிணற்றை விட்டாள். வயலின் வடக்கு மூலையில் ஆழமாகப் போர் போட்டார்கள். கண்ணாடி போலத் தண்ணீர் வந்தது. கொஞ்சம் உப்புக் கரித்தது. போர்த் தண்ணீர் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தார்கள். சிற்றுயிர்கள் வாய்க்குள் போய்விடக் கூடாது என்று பார்க்கும் சமணக் குடும்பம் என்பதால் அதையும் வெள்ளைத் துணியில் வடிகட்டித்தான் குடித்தார்கள். பக்கத்துக் காலனியில் குழாய் வறண்டபோது அங்கிருந்த லில்லியையும் மற்றவர்களையும் கூப்பிட்டு அதிலேயே பிடித்துக்கொள்ளச் சொன்னாள். பட்டறைக்காரன் பிறகு ஊரைவிட்டே போய்விட்டான்.

சுகாசினியும் அவள் ஆட்களும் இரும்புக் கம்பிகளை வரிசையாக நிலத்தில் அடித்து, ஒயரால் இணைத்து மின்சாரம் விட்டார்கள். உப்பும் சாயமும் கலந்த தண்ணீரில் மின்சாரம் சுலபமாக ஓடும், அதை வைத்துக் கழிவு பூமிக்குள் எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம் என்றாள். கிணற்றிலும் போரிலும் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனாள்.

சித்திரையில் திரும்பி வந்து கணினியில் படத்தைக் காட்டினாள். வடக்கு மூலையில் அடர்ந்த நீலம். மதனவதிக்கு மனது நிறைந்தது.

"அங்கதான் நல்ல தண்ணி இருக்குது, பார்த்தியாமா" என்றாள்.

சுகாசினி அந்த நீலத்தின் மேல் விரலை வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இதுல நீலம்தாம்மா கெட்டது, மின்சாரம் சுலபமா ஓடுன இடம். குழியில விட்டதெல்லாம் பாறை வெடிப்பு வழியா இறங்கி, நேரா உங்க போருக்கு வந்திருக்குது. கிணத்தை மழை கழுவிவிட்டுடுச்சு. தண்ணியைச் சோதிச்சதுலயும் அதேதான் வந்திருக்குது."

அதனால்தான் அவருக்கு இப்படி ஆனதா என்று மதனவதி கேட்டாள். அதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாள் சுகாசினி. தண்ணீர் சுத்தமாவதற்கு எவ்வளவு காலமாகும் என்று கேட்டதற்கு, நம் காலத்தில் ஆகாது என்றாள்.

பொழுது சாய்வதற்குள் மதனவதி குந்துநாதனுக்குச் சோறு போட்டாள். வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று அவர் கேட்டார். சாயத்தண்ணீர் பூமிக்குள் இறங்கிவிட்டதாம் என்று மட்டும் சொன்னாள்.

"நாம அப்பவே போருக்கு மாறினது நல்லதாப் போச்சு. நீதானே பிடிவாதமா நின்ன" என்றார் அவர்.

அவள் ரசத்தை ஊற்றினாள். பாதி தட்டுக்கு வெளியே போயிற்று.

மறுநாள் காலனிக்குப் போய் லில்லியிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். லில்லி திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தாள். லில்லி வாசலில் விளையாடிக்கொண்டிருந்த தன் மகள் ஏஞ்சலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்போ நாங்க எங்கக்கா போவறது?"

வீட்டுக் கிணறு வெயிலில் வற்றி அடிமண் தெரியக் கிடந்தது. பஞ்சாயத்தில் லாரி அனுப்பச் சொல்லி இருவரும் போய்க் கேட்டார்கள். பார்க்கலாம் என்றார்கள். லாரி வரவில்லை.

சில நாள் கழித்து லில்லி குடங்களோடு வடக்கு மூலைக்கு வந்தாள்.

"குளிக்கத்தான்க்கா" என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

அவள் கொண்டு வந்தவை சோறாக்கவும் குடிக்கவும் தண்ணீர் வைக்கும் பித்தளைக் குடங்கள். மதனவதி மோட்டாரைப் போட்டாள். குடம் நிறைந்ததும் தூக்கி அவள் இடுப்பில் வைத்துவிட்டாள்.