ஆலாவா, ஆளா?

அந்த வீட்டுக்குள் ஒரு பைனாகுலர் வந்தது. வந்த அன்றே நிம்மதி வெளியே போனது. "ரெண்டு பேருக்கும் சேர்த்து" என்று அப்பா வாங்கிக் கொடுத்ததுதான் வினை. சேர்த்து என்றால் அண்ணன் அகராதியில் 'எனக்கு' என்று பொருள். வீடே வாலு என்று கூப்பிடும் தங்கையின் கழுத்துக்கு அது ஒருநாளும் இடம் மாறவில்லை.

கடற்பறவைத் தீவுக்குப் படகு ஏறும்போதே அண்ணன் சட்டம் போட்டுவிட்டான்.

"எனக்கு முன்னாடி நீ ஒரு பறவையப் பாத்து, பேரையும் சரியா சொல்லு. பைனாகுலர் உனக்கு. ஆனா வீட்டுக்குப் போறதுக்குள்ள சொல்லணும்."

"ஒண்ணே ஒண்ணு போதுமா?"

"முதல்ல ஒண்ணு பாரு."

அப்பாவுக்கும் கடலுக்கும் ஏழாம் பொருத்தம். படகு கிளம்பியதுமே முகம் வெளிறி, கடைசிப் பெஞ்சில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு நீட்டி நிமிர்ந்துவிட்டார். பறவை பார்க்கலாம் என்று எல்லோரையும் கிளப்பிக்கொண்டு வந்தவரே அவர்தான். அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

தீவில் இறங்கினால் ஒரே கூச்சல், அதைவிட நாற்றம். வாலு மூக்கைப் பிடித்துக்கொள்வதற்குள் அண்ணன், "நீர்க்காகம்! கடற்காகம்!" என்று ஏலம் போட்டான். அவள் கை நீட்டிய இடமெல்லாம், "அத நான் அப்பவே பாத்துட்டேன்" என்றான். அப்பவே என்பது எப்பவே என்று கேட்க அவளுக்கு நேரமில்லை.

கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிட்டிருந்த வெள்ளைப் பறவை ஒன்று விருட்டென்று எழும்பி, அப்பாவின் வழுக்கையில் நச்சென்று ஒரு கொத்து வைத்தது.

"அம்மாடி! உன் முட்டைய நான் என்ன பண்ணப் போறேன்!" என்று அப்பா தலையைப் பிடித்துக்கொண்டு குதித்தார்.

"ஆளா! ஆளா!" என்று வாலு கத்தினாள்.

"அந்தப் பறவை பேரு ஆலா. நாக்க மடிக்காதடி. ஆளான்னா மனுஷன். பேரு தப்பு, செல்லாது."

சந்தோஷம் வந்தால் நாக்கு தானாக மடிகிறது, அதற்கு அவள் என்ன செய்வாள்?

திரும்பும் படகில் கூட்டம் அவசரமாக ஏறியது. கடைசிப் பெஞ்சில் துண்டைப் பார்த்ததும் அம்மா ஆரம்பித்தாள். "ஏறினதும் படுத்தாச்சா? புள்ளைங்கள நான் ஒருத்தியே பாத்துக்கணுமா? நல்லா வாய்ச்சீங்க!" துண்டு வாயே திறக்கவில்லை. அதுவும் வழக்கம்தான்.

வாலு மட்டும் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தீவு சின்னதாகிக்கொண்டே போனது. அப்போது மிதந்து வந்த ஒரு பலகைமேல், வெள்ளையாக...

"ஆளா! ஆளா! தண்ணில!"

படகோட்டி எஞ்சினை அணைத்தே விட்டார். "ஆளா? யாரு விழுந்தது? எங்க?" படகு முழுக்க எழுந்து நின்றது. யாரோ மிதவை வளையத்தை வீசினார்கள். பலகையிலிருந்த பறவை, இதென்ன வம்பு என்பதுபோல் பறந்து போனது.

"பறவைங்க. ஆலான்னு சொல்ல வந்தா" என்றான் அண்ணன், வெட்கத்தில் தலை குனிந்தபடி.

"பாப்பா, கடல்ல இந்த மாதிரி விளையாடக் கூடாது" என்று படகோட்டி முறைத்தார். இருந்தாலும் மனசு கேட்காமல் தலைகளை எண்ணினார். மறுபடி எண்ணினார். "ஒரு ஆள் குறையுதே!"

அம்மா கடைசிப் பெஞ்சுக்குப் போய்த் துண்டை இழுத்தாள். பெரிய மீசை ஒன்று எழுந்து உட்கார்ந்தது.

"யாருங்க நீங்க?"

"அத நான் கேக்கணும். ஏறினதுலேருந்து திட்டிட்டே வர்றீங்க."

"என் வீட்டுக்காரர்னு நினைச்சுத் திட்டிட்டேங்க... ஐயோ, அவர் எங்கே?"

படகு திரும்பியது. தலைசுற்றல் தெளியட்டும் என்று அப்பா ஏதாவது நிழலில் சாய்ந்து தூங்கியிருப்பார் என்று அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டே இருந்தாள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் பைனாகுலரைக் கண்ணில் வைத்தான், துடைத்தான், மறுபடி வைத்தான்.

"ஒண்ணுமே தெரியலடி. நீ பாரு" என்று கழற்றி அவள் கழுத்தில் மாட்டினான்.

வாலு பார்த்தாள். படகுத் துறையில் அப்பா குந்தி உட்கார்ந்திருந்தார். இரண்டு கையாலும் முகத்தை மூடியிருந்தார். தோள் குலுங்கியது. எஞ்சின் சத்தம் கேட்டிருக்க வேண்டும், சட்டென்று எழுந்தார். சட்டைக் கையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு இரண்டு கையையும் வீசி வீசிச் சிரித்தார்.

அப்பாவும் அழுவார் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

"தெரியுதா? என்னடி பண்றார்?" அம்மாவும் அண்ணனும் ஒன்றாகக் கேட்டார்கள்.

பார்த்ததையெல்லாம் பார்த்த நிமிஷமே ஊருக்கே சொல்லிவிடுகிற வாலு, ஒரு நொடி யோசித்தாள்.

"கையாட்டிச் சிரிக்கிறார்மா" என்றாள். "சிரிச்சிட்டேதான் இருக்கார்."