பூட்டிய கூடத்துக்கு ஒரு வழக்கு

வழக்குப் போட்டவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். பள்ளிக்கூடத்தை மூடிய நாளிலிருந்து வேன் வீட்டு வாசலிலேயே நின்றது. நோய்ப் பரவலால் அரசு பூட்டச் சொன்ன பிரார்த்தனைக் கூடத்தின் செயலாளர் பொறுப்பும் அவரிடம் இருந்ததால், அதைத் திறக்கக் கேட்கும் மனுவில் அவர் பெயரையே போடும்படி ஆயிற்று. அவருடைய மனைவி பெரியாஸ்பத்திரியில் நர்ஸ். ஏழு மாதமாகத் தொற்று வார்டில்தான் வேலை. அவர் மனுவில் கையெழுத்துப் போட்ட அன்று அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

வலியப் போய் வம்பை வாங்குகிற ஆள் இல்லை அவர். கூடத்துக்கு வழக்கமாக வரும் தச்சரின் மனைவி அந்த நோயில் போய்விட்டாள். கடைசியாக முகம் பார்க்கக்கூடத் தச்சருக்குக் கிடைக்கவில்லை. மறு வாரம் அவர் பூட்டிய கூடத்தின் படியில் வந்து உட்கார்ந்தார். பத்து நிமிஷம் ஆகியிருக்காது, ஒரு போலீஸ்காரர் வந்து எழுப்பிவிட்டார். எதிர்ச் சாரியில் துணிக்கடைக்குள் கூட்டம் நெரிந்தது. ஐம்பது பேர் வரை அனுமதி என்று கடைக் கதவில் தாள் ஒட்டியிருந்தது. தச்சர் எழுந்து, காற்சட்டையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டார்.

"துணி எடுக்க வந்தேன்னு சொல்லியிருக்கணுமோ?" என்று பக்கத்தில் வந்து நின்ற வேன்காரரைக் கேட்டார்.

அந்தக் கேள்வி வேன்காரரைத் தூங்க விடவில்லை. மறுநாளே தெரிந்த ஒரு வக்கீலம்மாவுக்குப் போன் போட்டார்.

விசாரணை வீடியோவில் நடந்தது. கைபேசியைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்துவிட்டு, மேலே இஸ்திரி போட்ட சட்டையும் கீழே வீட்டு அரைக்கால்சட்டையுமாகச் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தார். அரசு வக்கீல் கெட்டிக்காரர். வேறொரு கூடத்தில் ஒரே பிரார்த்தனையில் இருபத்திரண்டு பேருக்குத் தொற்று பரவிய கதையைத் தேதியோடு எடுத்துவைத்தார்.

"கடைக்கு வர்றவங்க வாங்கிட்டுக் கிளம்பிடறாங்க. கூடத்துல ஒரு மணி நேரம் உக்காந்து பாடறாங்க. ஆஸ்பத்திரிக்குள்ள என்ன நடக்குதுன்னு மனுதாரருக்குத் தெரியாது" என்றார்.

நீதிபதி ஒரு பெண்மணி. மனுதாரர் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று கேட்டார்.

"தெரியும்மா" என்றார் வேன்காரர். "என் வீட்டுக்காரி தொற்று வார்டுலதான் நர்ஸா இருக்கா. வீட்டுக்கு வந்ததும் குளிச்சுட்டுதான் எங்க முகத்தையே பாப்பா. ஏழு மாசமா தனி ரூம்லதான் படுக்கறா. நாங்க பயமில்லாம கேக்கலை. எல்லாத்தையும் மூடுங்க, நாங்களும் வாயை மூடிக்கிட்டு வீட்டுல இருக்கோம். துணிக்கடைக்கு அம்பது, எங்களுக்கு சைபர்னா, அது நோயைப் பாத்துப் போட்ட கணக்காத் தெரியலைம்மா."

ஐம்பது வேண்டாம், ஐந்து பேர்கூட ஏன் கூடாது என்று நீதிபதி அரசு வக்கீலைக் கேட்டார். அவர் காகிதங்களைப் புரட்டினார். கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

வேன்காரர் திரும்பினால், ஈரத் தலையோடு மனைவி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ தெரியவில்லை.

"என்னை ஏன் இழுத்தீங்க?" என்றாள். குரலில் கோபமில்லை. பதிலுக்குக் காத்திராமல் அறைக்குள் போய்விட்டாள்.

நாலாம் நாள் தீர்ப்பு வந்தது. கடைகளுக்கு ஒரு அளவு, வழிபாட்டுக்கு ஒரு அளவு என்று வைக்கக் காரணம் காட்டப்படவில்லை. இடைவெளி விட்டு, முகக்கவசத்தோடு, ஐம்பது பேர் கூடலாம். போன் ஓயாமல் அடித்தது. நாளைக்கே திறக்க வேண்டும் என்றார்கள் எல்லோரும்.

அன்று சாயங்காலம் மனைவி, "சாவியை எடுங்க, கூடத்தைப் பாக்கணும்" என்றாள்.

உள்ளே போய்ச் சுவரோரமாக நடந்தாள். ஆறு ஜன்னல்கள். பெயின்ட்மேல் பெயின்ட் அடித்ததில் ஒன்றுகூட அசையவில்லை.

"அடைச்ச காத்துதாங்க ஆளைக் கொல்லுது."

"ஜட்ஜம்மா ஜன்னலைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே."

"அவங்க இங்க வந்து பாக்கலை. நான் பாக்கறேன்ல."

திறப்பை அவர் ஒரு வாரம் தள்ளிவைத்தார். ஆளாளுக்கு அவர்மேல் பாய்ந்தார்கள். "கோர்ட்டே திறன்னு சொல்லிருச்சு. இனி உன் பொண்டாட்டிகிட்ட அப்பீல் போகணுமா?" என்று கேட்டார் ஒருவர். வேன்காரர் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டார். தச்சர்தான் உளியும் சுத்தியலுமாக வந்து மூன்று நாள் ஜன்னல்களோடு மல்லுக்கட்டினார். ஐந்து திறந்தன. ஆறாவது கையோடு பெயர்ந்து வந்துவிட்டது. அதை அப்படியே திறப்பாக விட்டார்கள்.

முதல் பிரார்த்தனைக்கு முப்பத்திநாலு பேர் வந்தார்கள். பாட்டு இல்லை. பாதியில் தச்சர் அழத் தொடங்கினார். இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாரோ, தோள் குலுங்க அழுதார். கட்டிப்பிடித்துத் தேற்ற வழியில்லை. அவரவர் நாற்காலி முன்னால் எழுந்து நின்றார்கள். அழுது முடியும்வரை ஒருவரும் நகரவில்லை. நனைந்துபோன முகக்கவசத்துக்குப் பதிலாக வேன்காரர் புதிது ஒன்றை நாற்காலி ஓரத்தில் வைத்துவிட்டு விலகி நின்றார்.

வீடு திரும்பியதும் மனைவியின் அறைக் கதவருகே போய் நின்றார்.

"எத்தனை பேர்?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

"முப்பத்திநாலு."

"தச்சர் வந்தாரா?"

"வந்தார். அழுதார்."

அவள் எழுந்து கதவருகே வருவது கேட்டது.

"அவர் சம்சாரத்துக்கிட்ட கடைசியா நான்தான் இருந்தேன்" என்றாள். "அவரை நாளைக்கு வாசல் வரைக்கும் வரச் சொல்லுங்க. தள்ளி நின்னு பேசறேன்."