பெரியவர்களுக்கு மரியாதை

"கடிச்சுப்புட்டா! என்னங்க, இங்கன வந்து பாருங்க, ரத்தமே வந்துருச்சு!"

அபிதா இடது கையை உதறிக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றாள். அவள் காலடியில் ஐந்து வயது மகள் திரிஷா மல்லாந்து கிடந்து, சிமெண்டுத் தரையை இரண்டு காலாலும் உதைத்துக்கொண்டிருந்தாள். வாயைச் சுற்றிச் சோற்றுப் பருக்கை. உள்ளே இருந்து ஓடிவந்த மாரிசெல்வம் மகளின் தொடையில் ஒன்று வைத்தான். உதை இன்னும் பலமாயிற்று.

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த ஜெபராஜுக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். ஒரு பிள்ளை தன்னைப் பெற்ற தாயைக் கடிப்பதைப் பார்த்து மகிழ்கிற மனிதனை என்னவென்று சொல்வது என்று அவனே ஒரு கணம் யோசித்தான். ஆராய்ச்சி மாணவன் என்றுதான் சொல்ல வேண்டும்.

தேனி பஜாரில் அவன் அப்பாவுக்கு இரும்புக்கடை. ஆணி, கம்பி, கீல் என்று எதையும் தராசில் வைத்து விற்கிற குடும்பத்தில் பிறந்து, குழந்தைகளின் மனம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளக்கப் போனவன் அவன். "எங்க தராசுல ஒரு கிலோ ஆணியப் போட்டா யாரு நிறுத்தாலும் ஒரு கிலோதாண்டா காட்டும். நீ எதுலடா நிறுக்குற?" என்று அப்பா கேட்கும்போதெல்லாம் ஜெபராஜ் தன் வினாத்தாளை எடுத்து விளக்க ஆரம்பிப்பான். அப்பா அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விடுவார்.

விஷயம் இதுதான். அடங்காத சின்னப் பிள்ளைகளின் பெற்றோருக்குச் சில வாரங்கள் பயிற்சி. தொடங்கும்போது ஒரு முறையும் முடிந்த பிறகு ஒரு முறையும் அதே கேள்விகளுக்கு அதே தாய் பதில் சொல்ல வேண்டும். பதிலுக்கு மதிப்பெண் உண்டு, அடங்காமை கூடினால் மதிப்பெண்ணும் கூடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மாற்றம். கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கியதில் பெரும்பாலான பிள்ளைகள் இருந்த இடத்திலேயே இருந்தன, சிலது முன்னைவிட மோசமாகிவிட்டன. ராயப்பன்பட்டியில் ஒரு பயல் பயிற்சியின் நடுவிலேயே ஜெபராஜின் மூக்குக்கண்ணாடியை உடைத்தான். கடைசி வீட்டிலாவது ஏதாவது அசைந்தால்தான் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடுவேன் என்று வழிகாட்டிப் பேராசிரியை சொல்லிவிட்டார். கையெழுத்து இல்லையென்றால் பட்டம் இல்லை, பட்டம் இல்லையென்றால் இரும்புக்கடை. கம்பத்துக்கு வெளியே இந்தத் திராட்சைத் தோட்டத்து வீடுதான் அந்தக் கடைசி வீடு. கடிக்கிற பிள்ளை என்றால் திருந்துவதற்கும் நிறைய இடம் இருக்கும்.

"என்ன நடந்துச்சு?" என்று ஜெபராஜ் பேனாவைத் திறந்தான்.

"தோட்டத்து ஆளு தூக்குவாளில கைய விட்டுச் சாப்புட்டுக்கிட்டு இருக்கா சார்," என்றாள் அபிதா. "இழுத்துட்டு வந்தேன், கடிச்சுப்புட்டா. எம்புட்டு அடிச்சாலும் திருந்த மாட்டேங்குறா."

"பெரியப்பாட்டப் போகணும்!" என்று திரிஷா அலறினாள்.

"பெரியப்பா எந்த ஊர்ல இருக்காக?" என்று ஜெபராஜ் அன்போடு விசாரித்தான்.

மாரிசெல்வத்தின் முகம் கறுத்தது. "எனக்குக் கூடப் பொறந்தவுக யாரும் கெடையாது சார்," என்றான்.

ஜெபராஜ் குழந்தை உளவியலில் நன்றாகப் படித்தவன். 'கற்பனை உறவினர்?' என்று எழுதி அடிக்கோடும் போட்டுக்கொண்டான்.

அந்தக் கற்பனை உறவினர் கூப்பிடு தூரத்தில், திராட்சைப் பந்தலுக்கு அடியில், பாதிச் சாப்பாட்டோடு தூக்குவாளியை மூடிக்கொண்டிருந்தார். பெயர் கருத்தக்கண்ணன். காலனியிலிருந்து வருகிறவர். மாரிசெல்வம் தவழ்ந்து திரிந்த காலத்திலிருந்து இந்தத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார். பெற்றவர்கள் மருந்தடிப்பு, மார்க்கெட் என்று அலைகிற நேரத்தில் பிள்ளையைப் பூச்சி பொட்டு அண்டாமல் பார்த்துக்கொள்வதும் அவர்தான். அப்பாவைவிட வயதில் மூத்தவரைப் பெரியப்பா என்று கூப்பிட வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். பிள்ளை சுற்றுமுற்றும் பார்த்து, அதற்குப் பொருத்தமான ஆளைக் கண்டுபிடித்துவிட்டது. இதெல்லாம் ஜெபராஜுக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு அவன் கண்ணுக்குத் தெரிந்தது மதிப்பெண் மட்டும்தான்.

கேள்விகளை இங்கிலீஷிலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்தவனும் அவனே. அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு. 'அடல்ட்' என்ற சொல்லுக்கு முதலில் 'வயதுவந்தோர்' என்று போட்டிருந்தான். படித்துப் பார்த்த நண்பன், சினிமாத் தியேட்டர் வாசலில் நிற்கிற மாதிரி இருக்கிறது என்று விழுந்து விழுந்து சிரித்தான். மண்டையை உடைத்துக்கொண்டு 'பெரியவர்கள்' என்று மாற்றினான். எந்தப் பட்டிதொட்டியிலும் புரிகிற சொல் என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டான்.

"பெரியவர்களுக்கு மரியாதை கொடுக்கிறாள். ஒருபோதும் இல்லையா, எப்போதாவதா, அடிக்கடியா?"

"அடிக்கத்தான் செய்றோம் சார், எங்க கேக்குறா?" என்றான் மாரிசெல்வம்.

"அவரு அதக் கேக்கலங்க," என்று அபிதா திருத்தினாள். "ஒருபோதும் இல்லன்னே போட்டுக்கங்க சார். பெரியவுகன்னா ஒரு இது வேணாமா? அது சுத்தமா இல்ல."

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற முடியாது, ஒரே ஒரு நடத்தையைத் தேர்ந்தெடுங்கள் என்றான் ஜெபராஜ். கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆளப் பாத்துக் கூப்புடத் தெரியணும் சார்," என்றான் மாரிசெல்வம் தயங்கித் தயங்கி. "யார எப்புடிக் கூப்புடணுமோ அப்புடிக் கூப்புடணும். ஆவணில புதுவீட்டுக்குப் பால்காய்ச்சு. சொந்தபந்தம் பூராம் வருவாக. அன்னைக்கி எங்க மானத்த வாங்கிறக் கூடாது."

ஜெபராஜுக்குக் கண் கலங்காத குறை. மற்ற வீடுகளில் எல்லாம் டி.வி.யை அணைத்தால் அழக்கூடாது, இட்லியைத் துப்பக்கூடாது என்று கேட்பார்கள். இவர்கள் பண்பாட்டை அல்லவா கேட்கிறார்கள்! 'மரியாதையாக அழைத்தல்' என்று முத்து முத்தாக எழுதினான். பிறகு முறையைச் சொல்லிக்கொடுத்தான். அடிக்கக்கூடாது. கத்தினால் கண்டுகொள்ளக்கூடாது. சரியாகச் செய்த அந்த நொடியே பாராட்ட வேண்டும், சுவரில் ஒட்டிய அட்டையில் ஒரு ஸ்டார் ஒட்ட வேண்டும். ஸ்டார் தாள் ஒன்றையும் கையோடு கொடுத்தான்.

அபிதாவைப் போல ஒரு மாணவியை அவன் கண்டதில்லை. அடிப்பதை அன்றே நிறுத்தினாள். திரிஷா புரண்டு அழுதால் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள். போகப் போகக் கடியும் உதையும் குறைந்தன, அட்டையில் ஸ்டார்கள் நிறைந்தன. ஒரு நாள் ஜெபராஜ் படியேறும்போது, "பெரியவுக வந்திருக்காக, வாங்கன்னு சொல்லு," என்று மாரிசெல்வம் மகளுக்கு எடுத்துக்கொடுத்தான். முப்பதைத் தொடாத ஜெபராஜுக்கு அந்தப் பட்டம் இனித்தது. பிள்ளை கைகூப்பி வாங்க என்றது.

இன்னொரு நாள், "ஏப்பா, பைக்க இங்கன நிறுத்தலாமா?" என்று பந்தலடியில் நின்ற கருத்தக்கண்ணனிடம் ஜெபராஜ் கேட்டுக்கொண்டிருந்தான். திரிஷா அந்தப் பக்கம் ஓடிவந்தாள். அவரைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள். உடனே வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அபிதா அங்கே நின்றாள். பிள்ளை வாயை மூடிக்கொண்டு போய்விட்டது. கருத்தக்கண்ணன் துண்டை உதறி முகத்தைத் துடைத்துக்கொண்டார். தன்னைத்தானே கட்டுப்படுத்தும் ஆற்றல் வந்துவிட்டது என்று ஜெபராஜ் எழுதிக்கொண்டான். தன் அப்பா வயதுக்காரரை ஏப்பா என்று கூப்பிட்டதற்கு எந்தக் கட்டமும் அவன் தாளில் இல்லை.

சாயங்காலமே பேராசிரியைக்கு, "அசையுது மேடம்!" என்று செய்தி அனுப்பினான். கடையில் அப்பாவிடம், "எறங்கிருச்சுப்பா!" என்றான்.

"எதுடா, கம்பி வெலையா?" என்றார் அப்பா.

பால்காய்ச்சு அன்று சுவர்க்கடிகாரம் ஒன்றைப் பரிசாகச் சுற்றிக்கொண்டு ஜெபராஜ் போனான். ஷாமியானா போட்டிருந்தார்கள். கம்பத்திலிருந்தும் கோம்பையிலிருந்தும் உறவு திரண்டு வந்திருந்தது. புதுவீட்டுப் படியில் திரிஷா பட்டுப்பாவாடையோடு நின்று, வருகிற ஒவ்வொருவரையும் மாமா, சித்தி, அத்தை என்று முறை தவறாமல் கூப்பிட்டு வரவேற்றாள். கிழவிகள் திருஷ்டி கழித்தார்கள். ஜெபராஜ் பெருமை தாங்காமல் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அப்போது கருத்தக்கண்ணன் வாழையிலைக் கட்டைத் தோளில் சுமந்து வந்தார். பாரத்தில் குனிந்தபடியே முதல் படியில் ஒரு காலை வைத்துவிட்டார்.

"ஏலே கருத்தக்கண்ணா!" என்றாள் திரிஷா, கணீரென்று. "அங்கனயே வச்சுட்டுப் போ!"

"சரிங்க தாயி," என்று அவர் காலை எடுத்தார்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "அவுக தாத்தன் அதிகாரம் அப்புடியே இருக்குய்யா!" என்று யாரோ சொன்னார்கள். மாரிசெல்வம் மீசையைத் தடவிக்கொண்டான். திரிஷா நேராக ஜெபராஜிடம் ஓடிவந்து புறங்கையை நீட்டினாள்.

"அங்கிள், ஸ்டார்."

ஸ்டார் தாள் அவன் சட்டைப் பையிலேயே இருந்தது. கைதான் எழவில்லை. எதையெல்லாம் பார்த்தும் பார்க்காமல் இருந்தோம் என்பது அந்த இடத்தில் அவனுக்கு முழுதாகப் புரிந்தது. எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

"இதுக்கு ஸ்டார் கிடையாதும்மா," என்றான்.

பிள்ளையின் உதடு பிதுங்கியது. ஜெபராஜ் ஒரு பெரிய அலறலை ஆவலோடு எதிர்பார்த்தான். அதற்குள் அபிதா வந்துவிட்டாள். "ஏன் சார்? சரியாத்தான சொன்னா? சொன்ன ஒடனே பாராட்டணும்னு நீங்கதான சொன்னீக?" என்று கேட்டுக்கொண்டே பர்ஸைத் திறந்து, கம்பத்து ஃபேன்ஸி ஸ்டோரில் வாங்கிய ஜிகினா ஸ்டார் ஒன்றை எடுத்து மகளின் கையில் ஒட்டினாள். அவன் கொடுத்ததைவிடப் பெரிய ஸ்டார். ஜெபராஜின் புரட்சி ஒரு பர்ஸைத் திறக்கிற நேரம்கூடத் தாங்கவில்லை.

"அந்தக் கேள்வித்தாளக் கொண்டாந்தீகளா சார்?" என்று அவளே ஞாபகமாகக் கேட்டாள். "பந்திக்கு முன்னாடி முடிச்சிருவோம்."

கேள்வித்தாளை வாங்கி மடமடவென்று குறித்தாள். கடிக்கிறாள், ஒருபோதும் இல்லை. சொன்ன பேச்சைக் கேட்கிறாள், அடிக்கடி. பெரியவர்களுக்கு மரியாதை கொடுக்கிறாள், அடிக்கடி.

"இந்த எடம்..." என்று ஜெபராஜ் விரலை வைத்தான். "கருத்தக்கண்ணன அப்படிக் கூப்புட்டாளே?"

"ஆமா சார். அதச் சொல்ல வைக்கிறதுக்குள்ள எம்புட்டுப் பாடு!"

"அது இல்லம்மா. பெரியவர்களுக்கு மரியாதைன்னு கேட்டிருக்கு."

அபிதா தவறாகக் குறித்துவிட்டோமோ என்று பதறி, அந்த வரியை மறுபடியும் எழுத்துக் கூட்டுகிறாற்போல நிதானமாகப் படித்தாள். பிறகு குழப்பத்தோடு நிமிர்ந்தாள்.

"பெரியவுகன்னுதான சார் போட்டுருக்கு?"

அவள் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. கருத்தக்கண்ணனுக்கு என்று இலையும் வடை பாயசமும் மறக்காமல் தனியாக எடுத்து வைத்தவளும் அவள்தான். மண்டையை உடைத்துக்கொண்டு அவன் கண்டுபிடித்த சொல் இந்தப் பள்ளத்தாக்கில் எல்லாருக்கும் சரியாகவே புரிந்திருக்கிறது, அவனைத் தவிர. ஜெபராஜுக்குக் கோபம் கோபமாக வந்தது. அதை வைத்துக்கொண்டு யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை.

விதிமுறையில் இன்னொரு வழி இருந்தது. பிள்ளையோடு அதிக நேரம் இருக்கிற வேறு ஒருவரிடமும் அதே கேள்விகளைக் கேட்கலாம். புதுத் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு, மோட்டார் ரூம் பக்கம் போனான். கருத்தக்கண்ணன் அங்கே தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உக்காரலாமா?"

அந்த அண்ணேயைக் கேட்டு அவர் அரண்டுபோய் இலையோடு எழுந்தார். அவரை உட்கார வைக்க ஜெபராஜ் கெஞ்ச வேண்டியிருந்தது. கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்தான். மரியாதைக் கேள்வி வந்ததும் நிறுத்தி, "பயப்படாம உள்ளதச் சொல்லுங்க," என்றான்.

"எல்லாத்துக்கும் நல்லதாவே போட்டுக்கங்க சார்," என்றார் கருத்தக்கண்ணன். "பச்சப்புள்ள அது. அது மேல நான் கொற சொன்னேன்னு வெளிய தெரிஞ்சா எம் பொழப்பு என்னாகுறது?"

ஆக, இரண்டு பேரின் பதிலும் வரிக்கு வரி ஒத்துப்போயிற்று. ஒருத்திக்குத் தெரியவில்லை, இன்னொருவரால் சொல்ல முடியவில்லை. ஆய்வேட்டில் இரண்டும் ஒரே எண்ணாகத்தான் வரும், அதைப் பார்த்துப் பேராசிரியை கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார். பள்ளத்தாக்கிலேயே அதிகமாகத் திருந்திய குழந்தை என்று திரிஷாவின் பெயரை மறைத்து எழுதிக்கொள்ளலாம். ஜெபராஜ் பேனாவை மூடி எழுந்தான். வெட்கமாக இருந்தது.

"சார்," என்று கருத்தக்கண்ணன் கூப்பிட்டார். "ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கண்ணே."

அவர் இலையை மடித்தார். வீட்டுப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இம்புட்டு வெரசாப் பிள்ளையத் திருத்திப்புட்டீக. மறுபடி கெடுத்துவிடுறதுக்கு எதுவும் வழி இருக்கா சார்? யாரும் இல்லாதப்ப மட்டுமாச்சும்?"