எழாத கோடு

அத்தானின் ரத்தத்தில் ஈயம் இல்லை என்று ஆறு மாதத்துக்கு முன்னால் சொன்னவன் நான்தான். பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறையில் அவருக்கு வேலை. அக்கா பயந்துபோய் அவரை எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு இழுத்து வந்தாள். மின்முனையை மாதிரியில் முக்கி, வரும் மின்னோட்டத்தைத் திரையில் கோடாகப் பார்ப்போம். ஈயம் இருந்தால் கோடு ஓரிடத்தில் மேடாக எழும். அன்றைக்குப் படுத்தே கிடந்தது. "ஒண்ணுமில்லக்கா, அத்தான் கல்லு மாதிரி இருக்காரு" என்று பெரிய மேதாவி போலச் சொன்னேன்.

இப்போது அவரால் வலது மணிக்கட்டைத் தூக்க முடியவில்லை. ஈயம் நரம்பைத் தாக்கினால் இப்படித்தான் ஆகும். காலையில் சட்டைப் பொத்தானை அக்காதான் போட்டுவிட்டாளாம். மறுபடி ரத்தம் எடுத்துக்கொண்டு இருவரையும் வெளியே பெஞ்சில் உட்காரவைத்தேன்.

அன்று போலவே ரத்தத்தை அப்படியே அளந்தேன். இன்றும் கோடு படுத்தே கிடந்தது. அளவு தெரிந்த ஈயக் கரைசலில் ஒரு சொட்டை அதே ரத்தத்தில் விட்டேன். இப்போது கோடு எழுந்தாக வேண்டும். எழவில்லை. இன்னொரு சொட்டு. ம்ஹூம். நானே கையால் போட்ட ஈயம்கூட இந்தக் கருவிக்குத் தெரியவில்லை. ரத்தத்தின் புரதம் மின்முனையில் ஆடைபோலப் படிந்துவிட்டது. அமிலத்தில் வேகவைத்துத் தெளியவைக்காமல் ரத்தத்தை அளக்கவே கூடாது. ஊருக்கெல்லாம் நான் சொல்லும் பாடம் இது. அன்று வீட்டு ஆள்தானே, சட்டென்று பார்த்துச் சொல்லிவிடலாம் என்று அந்த வேலையை விட்டுவிட்டேன். இன்றும் அவசரத்தில் அதையே செய்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மீதி ரத்தத்தை அமிலத்தில் வேகவைத்தேன். மூன்று மணி நேரம் ஆனது. இந்த முறை கோடு விறுவிறுவென்று ஏறித் திரையின் விளிம்பில் முட்டியது. நீர்க்கவைத்துப் பார்த்தேன். அப்போதும் ஏறியது. அந்த ஆறு மாதத்தை நான் எங்கே போய் வாங்கிக் கொடுப்பேன்?

தாளை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். அத்தான் இடது கையால் வலது கையைத் தாங்கியிருந்தார்.

"என்ன மாப்ள, உம்முனு இருக்க? போன தடவ மாதிரிதானே?"

தாளை அவர் பக்கம் நீட்டினேன். அக்கா முந்திக்கொண்டாள்.

"அவன் அளந்தா அளந்ததுதாங்க" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "அப்பவே வேலைய விட்டுடறேன்னு ஒத்தக் கால்ல நின்னாருடா. என் தம்பியே ஒண்ணுமில்லங்கறான், உங்களுக்கு என்ன நோவுன்னு நான்தான் திட்டி அனுப்பினேன்."

அத்தான் சிரித்தபடி தாளுக்குக் கை நீட்டினார். விரல்கள் பிடிக்கவில்லை. தாள் கீழே விழுந்தது.

அக்கா குனிந்து எடுத்தாள்.