மூன்றாவது படி

உடல் இருந்த சந்தூக்கை, படிகள் இறங்கும் நிலவறைக் கல்லறையின் வாயருகே இறக்கிவைத்துவிட்டு நான்கு பேரும் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்கள். நக்லா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"பொம்பளைங்க அந்தப் பக்கம் நில்லுங்க," என்றார் அவள் வாப்பாவின் தம்பி, சாச்சா ஃபத்ஹி. "துஹாமி இறங்கட்டும்."

கெய்ரோவின் அந்த மையவாடியில் நாற்பது வருடமாக மையித்துகளை இறக்கிவைப்பவர் துஹாமி. இன்று நக்லாவின் வாப்பா வஹ்பாவின் முறை.

வஹ்பா பேய்க்கதை எழுதியே பிள்ளைகளை வளர்த்தவர். பிணத்தின் கபன் துணியைத் திருடியவன் கழுத்தைக் கபனே நெரிப்பதும், புதைத்தவன் கதவைத் தட்டுவதுமாக அறுபது புத்தகங்கள். அதையெல்லாம் படித்து ஊரே போர்வைக்குள் ஒளிந்தது. அவரோ வராந்தா விளக்கு எரியாமல் ஒரு நாளும் தூங்கியதில்லை.

முந்தாநாள் ஆஸ்பத்திரியில் நக்லாவின் கையைப் பிடித்து, "அங்க விளக்கு இருக்காதுல்ல?" என்று கேட்டார். ஏதோ கதைக்குத்தான் கேட்கிறார் என்று அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு இப்போது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

"நான் இறங்கி வெளிச்சம் காட்டுறேன்," என்றாள்.

"பொம்பள கல்லறைக்குள்ள இறங்குறதா? நாலு பேரு என்ன பேசுவாங்க?"

துஹாமி அவளைப் பார்த்தார்.

"சார் கதைக்காக இங்க வருவாரும்மா. உள்ள எப்படி இருக்கும், வாடை எப்படி இருக்கும்னு நோண்டி நோண்டிக் கேப்பாரு. நீங்களே இறங்கிப் பாருங்கன்னா மூணாவது படியோட நின்னுருவாரு. முட்டி வலிம்பாரு."

"அவருக்கு முட்டி வலியெல்லாம் கிடையாது."

"தெரியும்மா," என்றவர் சாச்சாவிடம் திரும்பினார். "விடுங்க ஹாஜி. மூணாவது படி வரைக்கும் வரட்டும்."

மூன்றாவது படியில் நின்று நக்லா செல்போன் விளக்கைப் பிடித்தாள். துஹாமி வஹ்பாவை வலப்பக்கமாகக் கிப்லாத் திசை நோக்கிப் படுக்கவைத்து, கபனின் முடிச்சுகளை அவிழ்த்தார்.

"முடிஞ்சுதும்மா. மேல போ."

"கொஞ்சம் இருங்க."

துஹாமி அவசரப்படுத்தவில்லை. வஹ்பாவின் கால்மாட்டில் குந்திக்கொண்டார். மேலே சாச்சா இரண்டு முறை இருமினார். அதன் பிறகுதான் அவள் ஏறினாள்.

வாயைக் கல்லால் மூடி மண்ணைப் பூசினார்கள். "அவரோட மிச்ச ஆயுசு உனக்குச் சேரட்டும்," என்று வழக்கமான ஆறுதலை ஒவ்வொருவராக வந்து சொல்லிவிட்டுப் போனார்கள்.

காரில் ஏறியதும் சாச்சா அவள் மடியைப் பார்த்தார்.

"செல்லுல லைட்டு எரியுது பாரு. அணைச்சிடு."

"எரியட்டும் சாச்சா."

உச்சி வெயிலில் அது எரிவதே தெரியவில்லை.